குறைமாதக் குழந்தைக்கு சர்ஃபாக்டன்ட் கொடுத்தல்: குப்பியைத் திறப்பதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் புதிதாகச் சேரும் செவிலியர்களுக்காகவும் பயிற்சி மருத்துவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இரண்டு ஊர்களிலும் இத்தகைய பிரிவுகளில் செவிலியராக இருந்தபோது, புதியவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். மருந்தை மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் அந்த இரண்டு மூன்று நிமிடங்களில் தவறு நேர்வது குறைவு. அனுபவமுள்ள ஒருவர் அப்போது பக்கத்திலேயே நிற்பார். குப்பியைத் திறப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திலும், மருந்து உள்ளே போன பிறகு வரும் பதினைந்து நிமிடங்களிலும்தான் கைகள் பிசகுகின்றன. அதனால் இங்கே மருந்து ஏழாவது படியில்தான் வருகிறது.

கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு மருத்துவருடையது. உங்கள் பிரிவில் எழுதி ஒட்டப்பட்டிருக்கும் நெறிமுறை இதிலிருந்து எங்கேனும் மாறுபட்டால் அந்த நெறிமுறையையே பின்பற்றுங்கள்.

1. கர்ப்ப வாரத்தை முதலில் உறுதி செய்யுங்கள்

நுரையீரலின் நுண்ணிய காற்றுப்பைகள் உட்புறம் ஈரமானவை. அந்த ஈரத்தின் பரப்பு இழுவிசை, மூச்சு வெளியேறும் ஒவ்வொரு முறையும் பைகளைச் சுருக்கி ஒட்டவைக்கப் பார்க்கிறது. கொழுப்பும் புரதமும் கலந்த சர்ஃபாக்டன்ட் படலம் அந்த இழுவிசையைத் தணித்துப் பைகளைத் திறந்தே வைத்திருக்கிறது. கருவின் நுரையீரல் ஏறத்தாழ 24 வாரத்தில் இதை உருவாக்கத் தொடங்கினாலும், 34, 35 வாரம் ஆகும்போதுதான் போதிய அளவு சேர்கிறது. 28 வாரக் குழந்தைக்கும் 32 வாரக் குழந்தைக்கும் இடையே இந்த ஒன்றை மட்டும் பார்த்தாலே மிகப் பெரிய வேறுபாடு உண்டு.

நம் ஊரில் வாரத்தைக் கேட்டால் மாதம்தான் பதிலாக வரும். ‘ஏழு மாதம்’ என்று உடன் வந்த பாட்டி சொன்னால், ஏழு முடிந்து எட்டு நடக்கிறதா, ஆறு முடிந்து ஏழு நடக்கிறதா என்று திருப்பிக் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியில் நான்கு வாரம் கூடலாம், குறையலாம். ‘வளைகாப்பு முடிந்து பத்து நாள்’ என்பதைக் கொண்டு எதையும் கணக்கிடாதீர்கள். சிலர் ஏழாம் மாதத்தில் வளைகாப்பு செய்வார்கள், சிலர் ஒன்பதில் செய்வார்கள். ‘கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தீர்கள்?’ என்று கேட்டால் சிலர் உதிரப்போக்கு தொடங்கிய நாளைச் சொல்வார்கள், சிலர் அது நின்று குளித்த நாளைச் சொல்வார்கள். ஆகவே ‘முதல் நாள் எது?’ என்று தனியாகக் கேட்க வேண்டும். முதல் மூன்று மாதங்களுக்குள் எடுத்த ஸ்கேன் இருந்தால் அதற்கே முன்னுரிமை.

முழு மாதக் குழந்தை மூச்சுத் திணறினால் சர்ஃபாக்டன்ட் குறைபாடு என்பது முதல் ஊகமாக இருக்கக் கூடாது. நுரையீரலில் நீர் வடியத் தாமதமாகியிருக்கலாம். மலம் கலந்த பனிக்குட நீரை உறிஞ்சியிருக்கலாம். நிமோனியாவோ இதயக் குறைபாடோ இருக்கலாம். அவை ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

2. தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்ட நேரத்தைக் கேட்டு எழுதுங்கள்

34 வாரத்துக்கு முன் பிரசவம் நேரக்கூடும் என்று தெரிந்தவுடன் தாய்க்கு டெக்ஸாமெத்தசோன் 6 மி.கி. வீதம் 12 மணி நேர இடைவெளியில் நான்கு ஊசிகள் போடப்படும். கருவின் நுரையீரல் தன் சர்ஃபாக்டன்டை விரைந்து உருவாக்க இது தூண்டுகிறது. முதல் ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுவிட்டு அனுப்புவதுதான் சரி. பயண நேரமும் மருந்து வேலை செய்யும் நேரமாகிவிடும்.

‘ஊசி போட்டாச்சு’ என்ற வாய்ச்சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். அது டெட்டனஸ் தடுப்புக்கான டி.டி. ஊசியாகவோ வலி குறைக்கும் ஊசியாகவோ இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பரிந்துரைச் சீட்டில் மருந்தின் பெயர், எத்தனையாவது ஊசி, எத்தனை மணிக்கு என்ற மூன்றும் இருக்க வேண்டும். நான்கு ஊசியும் முடிந்த தாயின் குழந்தைக்கும் சர்ஃபாக்டன்ட் தேவைப்படலாம். ஆனால் ஒரு ஊசிகூடப் போடாத தாயின் 29 வாரக் குழந்தை என்றால், குப்பியும் ஆட்களும் தயாராக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

3. பிரசவ அறை அழைப்பதற்கு முன்பே அடுக்கி வையுங்கள்

மூக்கு வழியாக இடைவிடாத காற்றழுத்தம் கொடுத்துக் காற்றுப்பைகளைத் திறந்து வைக்கும் சிபேப் (CPAP) கருவியைப் பூட்டி, ஈரமூட்டியில் நீர் நிரப்பி, மூக்குக் குழலின் முனையை விரலால் அடைத்து, நீரில் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். குழந்தை வந்த பிறகு பூட்டத் தொடங்கினால் பத்து நிமிடம் போய்விடும். அந்தப் பத்து நிமிடத்தில் காற்றுப்பைகள் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பையைத் திறப்பது திறந்த பையைத் திறந்தே வைப்பதைவிடக் கடினம்.

மூக்குக் குழல்களை மூன்று அளவுகளிலும், மூச்சுக்குழாயில் பொருத்தும் இ.டி. ட்யூபை 2.5, 3.0, 3.5 என்ற மூன்று அளவுகளிலும் வையுங்கள். 1 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு 2.5, 1 முதல் 2 கிலோ வரை 3.0 என்பது பொதுக் கணக்கு. குரல்நாண்களைப் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பின் விளக்கு எரிகிறதா என்று அன்றைய ஷிப்ட் தொடங்கும்போதே பாருங்கள். பாலிதீன் பை, தொப்பி, வயிற்றுக்கான ஃபீடிங் ட்யூப், செயற்கையாக மூச்சுக் கொடுக்கும் டி-பீஸ் அல்லது ஆம்பு பை, பல்ஸ் ஆக்சிமீட்டர் ஆகியவை ஒரே தட்டில் இருக்கட்டும்.

4. குழந்தையைக் குளிரவிடாதீர்கள்

குளிர்ந்த குழந்தைக்கு ஆக்சிஜன் தேவை கூடும். இரத்தத்தில் அமிலத்தன்மை ஏறும். நுரையீரல் இரத்தக்குழாய்கள் சுருங்கும். இத்தனையும் சேர்ந்து, இருக்கிற கொஞ்சம் சர்ஃபாக்டன்டின் வேலையையும் கெடுத்துவிடும். 35 டிகிரியில் வந்து சேரும் குழந்தையின் மூச்சுத்திணறலில் எவ்வளவு நோய், எவ்வளவு குளிர் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

மிகச் சிறிய குழந்தையைத் துடைக்காமல், கழுத்துவரை பாலிதீன் பைக்குள் வைத்து, தலையில் தொப்பி போட்டு, மேலிருந்து சூடூட்டும் வார்மரின் கீழ் வைக்க வேண்டும். உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். பிரசவ அறையில் 25 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பது விதி. அக்னி நட்சத்திர நாட்களில் அறுவை அங்கிக்குள் வியர்த்து நிற்கும் மருத்துவரிடம் ஏசியைக் குறைக்கச் சொல்வது எளிதன்று என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் குழந்தை வெளியே வரப்போகும் அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் கேட்டுவிடுங்கள். காரணத்தைச் சொன்னால் மறுப்பவர்கள் குறைவு.

5. சிபேப்பைச் சரியாகப் பொருத்துங்கள்

இந்தப் படியில்தான் நீங்கள் அதிக நேரம் நின்று பார்க்க வேண்டும். அடுத்த படியின் முடிவு முழுவதும் இங்கே எடுக்கும் அளவீட்டைத்தான் நம்பியிருக்கிறது.

தானாக மூச்சு விடும் குறைமாதக் குழந்தைக்குப் பிறந்தவுடன் 6 செ.மீ. நீரழுத்தத்தில் சிபேப் தொடங்கப்படும். குமிழிச் சிபேப்பில் வெளிமூச்சுக் குழாய் நீருக்குள் எத்தனை செ.மீ. மூழ்கியிருக்கிறதோ அதுவே அழுத்தம். ஏசி அறையில் அந்தக் குழாயில் நீர் தேங்கிக் குடுவைக்குள் வடியும், நீர்மட்டம் ஏறும், நீங்கள் எதையும் தொடாமலேயே 6 என்பது 8 ஆகிவிடும். ஒவ்வொரு மணி நேரமும் மட்டத்தைப் பார்த்து, தேங்கிய நீரை வடித்துவிடுங்கள்.

மூக்குக் குழல் நாசித் துளையை நிரப்ப வேண்டும். ஆனால் தோல் வெளுக்கும் அளவுக்கு அழுத்தக் கூடாது. நடுத்தண்டிலிருந்து சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும், இல்லையெனில் இரண்டே நாளில் அங்கே புண்ணாகும். வயிற்றில் காற்று சேராமலிருக்க வாய்வழியாக ஃபீடிங் ட்யூப் போட்டு அதன் முனையைத் திறந்து வையுங்கள்.

குமிழி நின்றுவிட்டால் எங்கோ கசிவு இருக்கிறது. குழல் சிறியதாக இருக்கலாம், வாய் திறந்திருக்கலாம், இணைப்பு கழன்றிருக்கலாம். அழுத்தம் கசிந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு இயல்பாகவே ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படும். அந்தக் கூடுதல் எண்ணை நோய்த்தாளில் எழுதி, அதன் அடிப்படையில் சர்ஃபாக்டன்ட் கொடுக்கும் முடிவு வரை போனபின், ஓர் அளவு பெரிய குழலை மாற்றியவுடன் குழந்தை 25 விழுக்காட்டில் அமைதியானதை ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன். எண்ணை எழுதுவதற்கு முன் குமிழியைப் பாருங்கள்.

ஆக்சிமீட்டர் பட்டையை வலது கையில் கட்டுங்கள். மூளைக்குப் போகும் இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவை அதுவே காட்டும். பிறந்த முதல் நிமிடத்தில் 60 முதல் 65, ஐந்தாம் நிமிடத்தில் 80 முதல் 85, பத்தாம் நிமிடத்தில் 85 முதல் 95 விழுக்காடு என்பதே இயல்பான ஏற்றம். மூன்றாம் நிமிடத்தில் 72 என்று கண்டதும் பதறி ஆக்சிஜனை முழுவதும் திறந்துவிடுவது புதியவர்களின் வழக்கமான பிழை. முதல் பத்து நிமிடங்கள் கடந்த பிறகு இலக்கு 90 முதல் 95.

காற்றையும் ஆக்சிஜனையும் வேண்டிய விழுக்காட்டில் கலந்து தரும் பிளெண்டர் இல்லாத படுக்கையில் காற்றையும் ஆக்சிஜனையும் தனித்தனி ஃப்ளோமீட்டரில் கலக்க வேண்டியிருக்கும். மொத்தம் 8 லிட்டரில் 7 லிட்டர் காற்றும் 1 லிட்டர் ஆக்சிஜனும் என்றால், குழந்தைக்குப் போவது ஏறத்தாழ 31 விழுக்காடு. இந்தக் கணக்கை அட்டையில் எழுதிக் கருவியில் தொங்கவிடுங்கள். இரவு மூன்று மணிக்கு யாருக்கும் பெருக்கல் வராது.

6. முடிவெடுக்கும் நேரத்தில் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

கசிவில்லாத சிபேப் 6 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும், செறிவை இலக்கில் வைக்க 30 விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜன் தேவைப்பட்டால் சர்ஃபாக்டன்ட் கொடுக்கலாம் என்பது இன்று பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். பிறந்த முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கொடுப்பது, தாமதித்துக் கொடுப்பதைவிட நல்லது. 50, 60 விழுக்காடு வரை ஏறட்டும் என்று காத்திருந்தால், அதற்குள் குழந்தை களைத்துவிடும். காற்றுப்பைகளுக்குள் புரதம் கசிந்து, கொடுக்கும் மருந்தையே செயலிழக்கச் செய்யும்.

மூச்சின் சிரமத்தைச் சில்வர்மன் மதிப்பெண்ணாகச் சொல்லுங்கள். மேல் மார்பின் அசைவு, விலா இடுக்கு உள்வாங்குதல், மார்பெலும்பின் கீழ்முனை உள்வாங்குதல், மூக்கு விடைத்தல், முனகல் ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை. ‘கொஞ்சம் திணறுகிறது, டாக்டர்’ என்பதைவிட ‘ஒரு மணிக்கு 4, இப்போது 6’ என்பது மருத்துவரைப் படுக்கைக்கு விரைவாக அழைத்து வரும். முனகல் நின்றுவிட்டால் மகிழ்வதற்கு முன் குழந்தையைப் பாருங்கள். அது தேறியதாலும் நிற்கும், களைத்துப்போனதாலும் நிற்கும்.

எக்ஸ்ரேயில் நுரையீரல் சிறுத்து, தேய்த்த கண்ணாடி போல மங்கலாகி, நடுவே காற்றுக்குழாய்கள் கருங்கோடுகளாகத் தெரிவது இந்த நோயின் தோற்றம். ஆனால் எக்ஸ்ரே எந்திரம் வேறு தளத்தில் இருக்கிறது என்பதற்காக மருந்தைத் தாமதிக்க வேண்டியதில்லை. ஒரு பக்க நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்திருக்கிறதா என்பதை மட்டும் விலக்கிவிட வேண்டும். விளக்கை அணைத்து, மார்பின் மீது குளிர்ந்த ஒளி விளக்கைப் பிடித்தால், காற்றுக் கசிந்திருக்கும் பக்கம் முழுவதும் சிவந்து ஒளிரும். இரத்தச் சர்க்கரை, நரம்புவழி ஊசிக்குழாய் இரண்டும் இதே வேளையில் முடிந்துவிட வேண்டும். நிமோனியாவும் இதே தோற்றத்தில் வரும் என்பதால் நோய்த்தொற்றுக்கான இரத்தம் எடுப்பதும் ஆன்டிபயாடிக் தொடங்குவதும் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மூச்சைத் தூண்டும் கஃபீன் சிட்ரேட் முதல் டோஸ் கிலோவுக்கு 20 மி.கி.; சிபேப்பில் இருக்கும் மிகச் சிறிய குழந்தைகளுக்கு அதை முன்பே கொடுத்துவிடுவார்கள்.

சம்மதம் பெறும்போது தாய் பெரும்பாலும் அறுவை அரங்கிலேயே இருப்பார். வெளியே தந்தையும் மாமியாரும் நிற்பார்கள். ‘நுரையீரல் விரிய ஒரு வழவழப்பு வேண்டும், அது குழந்தைக்கு இன்னும் ஊறவில்லை, அதை நேரடியாக உள்ளே விடப்போகிறோம்’ என்று சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். இம்மருந்துகள் மாட்டின் நுரையீரலிலிருந்தோ பன்றியின் நுரையீரலிலிருந்தோ எடுக்கப்படுபவை. இதைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சைவக் குடும்பங்களும் இஸ்லாமியக் குடும்பங்களும் பிறகு வேறு யாரிடமிருந்தோ இதைத் தெரிந்துகொண்டால், உங்கள் அடுத்த சொல்லை நம்ப மாட்டார்கள். உண்மையைச் சொல்லி, உயிர்காக்கும் தேவை இது என்று விளக்கிய பிறகு மறுத்த குடும்பத்தை நான் இதுவரை சந்திக்கவில்லை. அரசு மருத்துவமனை என்றால் மத்திய அரசின் ஜே.எஸ்.எஸ்.கே. (ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம்) திட்டத்தில் நோயுற்ற குழந்தைக்கு மருந்து இலவசம் என்பதையும் சொல்லுங்கள். தந்தை அடகுக் கடைக்கு ஓடிக்கொண்டிருக்கக் கூடும்.

7. மருந்தைத் தயாரித்தல்

குப்பிகள் 2 முதல் 8 டிகிரிக்குள் குளிர்பெட்டியில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. வெப்பநிலையை நாளைக்கு இருமுறை எழுதுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபின் கடலூரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமலிருந்ததைக் கண்டவர்களுக்கு, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் குளிர்பெட்டி எந்த மின்இணைப்பில் இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் தானாக வந்துவிடும். அது ஜெனரேட்டர் இணைப்பில் இருக்க வேண்டும்.

குப்பியை எடுத்து அறை வெப்பத்தில் ஏறத்தாழ 20 நிமிடம் வையுங்கள், அல்லது உள்ளங்கையில் 8 நிமிடமாவது பிடித்திருங்கள். வெந்நீரிலோ வார்மரின் கீழோ வைக்கக் கூடாது. வெப்பம் அதன் புரதத்தைக் கெடுக்கும். குலுக்கவும் கூடாது; குலுக்கினால் நுரைக்கும், நுரையில் போன மருந்து சிரிஞ்சில் ஏறாது. அடியில் படிந்திருந்தால் மெல்லத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் கலந்துவிடுங்கள்.

அடுத்தது அளவு. இங்கே நேரும் பிழை ஒன்றே ஒன்றுதான், ஆனால் அது திரும்பத் திரும்ப நேர்கிறது. இரண்டு சர்ஃபாக்டன்ட் மருந்துகள் வெவ்வேறு செறிவில் வருகின்றன. போராக்டன்ட் ஒரு மில்லியில் 80 மி.கி., முதல் டோஸ் கிலோவுக்கு 200 மி.கி., அதாவது 2.5 மில்லி. பெராக்டன்ட் ஒரு மில்லியில் 25 மி.கி., டோஸ் கிலோவுக்கு 100 மி.கி., அதாவது 4 மில்லி. 1,200 கிராம் குழந்தைக்குப் போராக்டன்ட் என்றால் 240 மி.கி., 3 மில்லி. பெராக்டன்ட் என்றால் 120 மி.கி., 4.8 மில்லி. ஒன்றின் மில்லி கணக்கை மற்றதற்குப் போட்டால், போராக்டன்ட் 384 மி.கி. போய்விடும், அல்லது பெராக்டன்ட் வெறும் 75 மி.கி. மட்டுமே போகும். வாங்கும் நிறுவனம் மாறும் மாதத்தில், ‘இங்கே எப்போதும் கிலோவுக்கு நாலு மில்லிதான்’ என்று மனப்பாடத்தில் சொல்பவரே இந்தப் பிழையைச் செய்கிறார்.

எனவே எடையைத் தராசில் பாருங்கள், ஸ்கேனில் சொன்ன எடையை எடுக்காதீர்கள். குப்பியின் மீதுள்ள செறிவை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றொருவர் மி.கி. கணக்கையும் மில்லி கணக்கையும் தனித்தனியாகப் போட்டு, இரண்டு விடைகளும் ஒத்துப்போன பிறகே சிரிஞ்சில் ஏற்றுங்கள்.

ஒரு முறை வெளியே எடுத்த, திறக்கப்படாத குப்பியை 24 மணி நேரத்துக்குள் மீண்டும் குளிர்பெட்டியில் வைக்கலாம். ஆனால் ஒரே ஒரு முறைதான். எடுத்த நேரத்தைக் குப்பியிலேயே எழுதுங்கள். திறந்த குப்பியில் மீந்ததை அடுத்த டோஸுக்கு வைக்கக் கூடாது. இதில் பாதுகாப்பு மருந்து கலக்கப்படுவதில்லை, கிருமி வளரும். விலையை நினைத்து மனம் வராது என்றாலும் கொட்டிவிடத்தான் வேண்டும்.

8. செலுத்துதல்

மூன்று பேர் வேண்டும். ஒருவர் குழாயைப் போடுகிறார், ஒருவர் சிரிஞ்சைத் தள்ளுகிறார், மூன்றாமவர் மானிட்டரை மட்டும் பார்த்து இதயத்துடிப்பையும் செறிவையும் உரக்கச் சொல்கிறார். மூன்றாமவருக்கு வேறு வேலை எதுவும் கொடுக்காதீர்கள். அனைவரும் குரல்நாண்களை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, துடிப்பு 70-க்கு இறங்கியதை யாரும் கவனிக்காமல் போவது நடந்திருக்கிறது.

மருந்தை இ.டி. ட்யூப் வழியாகவும் செலுத்தலாம், இ.டி. ட்யூப் போடாமல் மெல்லிய குழாய் வழியாகவும் செலுத்தலாம். இ.டி. ட்யூப் வழி என்றால், உதட்டில் நிற்க வேண்டிய ஆழம் 1 கிலோவுக்கு மேற்பட்ட குழந்தைக்கு எடையோடு 6-ஐக் கூட்டிய செ.மீ.; 1 கிலோ என்றால் 7. இருபுற மார்பிலும் மூச்சொலி சமமாக இருக்கிறதா என்று கேட்ட பிறகே மருந்து. ட்யூப் ஆழமாகப் போனால் வலது கிளைக்குள் நுழைந்துவிடும். மருந்து முழுவதும் ஒரே நுரையீரலுக்குப் போகும். மருந்து செலுத்தும் மெல்லிய குழாயையும் இ.டி. ட்யூபின் நுனிக்குச் சற்று மேலே முடியுமாறு அளந்து வெட்டுங்கள். நீண்டுவிட்டால் அதே தவறு வேறு வழியில் நேரும். சளி உறிஞ்ச வேண்டுமென்றால் இப்போதே உறிஞ்சுங்கள், பிறகு முடியாது. பெராக்டன்டை நான்கு பகுதிகளாகப் பிரித்து, குழந்தையின் நிலையை மாற்றி மாற்றிக் கொடுப்பதும், போராக்டன்டை ஒன்றிரண்டு பகுதிகளாகக் கொடுப்பதும் வழக்கம். கொடுத்து முடித்துக் குழந்தை நன்றாக மூச்சு விட்டால், ட்யூபை எடுத்துவிட்டு உடனே சிபேப்புக்குத் திரும்பலாம்.

மெல்லிய குழாய் வழி என்றால் குழந்தை சிபேப்பிலேயே, தன் மூச்சிலேயே இருக்கும். லாரிங்கோஸ்கோப்பில் பார்த்து, குரல்நாண்களைத் தாண்டி 1 முதல் 2 செ.மீ. வரை குழாயைச் செலுத்தி, ஒன்று முதல் மூன்று நிமிடத்தில் மெல்ல மருந்தைத் தள்ள வேண்டும். தானாக மூச்சு விடும் 26 முதல் 32 வாரக் குழந்தைகளுக்கு, கைப்பழக்கமுள்ளவர் இருந்தால், இதையே நான் விரும்புவேன். வென்டிலேட்டரின் அழுத்தம் நுரையீரலைத் தொடுவதே இல்லை. குழாயில் ஆழத்தைக் குறிக்கும் கோட்டை முன்பே போட்டுவிடுங்கள். சிரிஞ்சில் மருந்துக்குப் பின்னால் அரை முதல் ஒரு மில்லி காற்று இருக்கட்டும், குழாயில் தங்கியதை அது தள்ளும். ஒரு முயற்சி 20, 30 நொடிக்கு மேல் நீளக் கூடாது. முடிந்தபின் வயிற்று ட்யூபை உறிஞ்சிப் பாருங்கள். பால் போல் வெண்மையாக வந்தால், மருந்து உணவுக்குழாய்க்குப் போயிருக்கிறது.

இதயத்துடிப்பு 100-க்குக் கீழே இறங்கினாலோ செறிவு 80-க்குக் கீழே போனாலோ தள்ளுவதை நிறுத்துங்கள். மருந்து ட்யூபில் மேலேறி வந்தாலும் நிறுத்துங்கள். அதை உறிஞ்சி எடுத்துவிடாமல், மெல்ல அழுத்தம் கொடுத்து உள்ளே இறங்கவிட வேண்டும்.

9. முதல் பதினைந்து நிமிடம்: கை ஆக்சிஜன் திருகுக் குமிழில் இருக்கட்டும்

மருந்து வேலை செய்தால் சில நிமிடங்களிலேயே நுரையீரல் விரியும். 45 விழுக்காடு ஆக்சிஜனில் 90 காட்டிய குழந்தை அதே 45-இல் 99 காட்டும். புதியவர்கள் அதைப் பார்த்து நிம்மதியாகி, கையுறையைக் கழற்றிக் கோப்பை எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். 99 என்பது இங்கே நல்ல செய்தி அன்று. மிகுதியான ஆக்சிஜன் குறைமாதக் கண்ணின் விழித்திரையைக் கெடுக்கும்; வென்டிலேட்டரில் இருந்தால், முன்பு விறைப்பாக இருந்த நுரையீரலுக்கு வைத்த அழுத்தம் இப்போது நெகிழ்ந்த நுரையீரலைக் கிழித்துக் காற்றைக் கசியவிடும்.

செறிவு 95-ஐத் தாண்டியதும் ஆக்சிஜனை 5 விழுக்காடு குறையுங்கள். ஓரிரு நிமிடம் பார்த்து மறுபடியும் குறையுங்கள். முதல் அரை மணி நேரம் படுக்கையை விட்டு நகர வேண்டாம். அலாரத்தின் மேல் எல்லையை 95-இல் வையுங்கள். ‘சும்மா அடித்துக்கொண்டே இருக்கிறது’ என்று அதை 100-க்கு ஏற்றி வைப்பது நான் கண்ட தீய வழக்கங்களில் முதன்மையானது.

மூச்சுக்குழாய் அடைத்திருப்பதாகத் தெரிந்தாலன்றி, குறைந்தது ஒரு மணி நேரத்துக்குச் சளி உறிஞ்ச வேண்டாம். உறிஞ்சினால் கொடுத்த மருந்துதான் வெளியே வரும். கரகரப்பான மூச்சொலி சிறிது நேரம் கேட்கும், அது இயல்பு. அடுத்த ஒன்றிரண்டு நாட்களில் ட்யூபிலிருந்து இளஞ்சிவப்பாகவோ இரத்தமாகவோ ஏதேனும் வந்தால் உடனே மருத்துவரை அழையுங்கள். அது நுரையீரல் இரத்தக்கசிவாக இருக்கலாம்.

10. தேறவில்லை என்றால்

இரண்டாம் குப்பியைக் கேட்பதற்கு முன் பழைய படிகளுக்குத் திரும்புங்கள். குமிழி வருகிறதா, ட்யூப் இடம்பெயர்ந்ததா, காற்றுக் கசிந்திருக்கிறதா, போன அளவு சரியா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ஆக்சிஜன் தேவை தொடர்ந்தால் மருத்துவர் மீண்டும் கொடுக்கலாம். பெராக்டன்டுக்குக் குறைந்தது 6 மணி நேர இடைவெளி. போராக்டன்டுக்கு 12 மணி நேரம், அதுவும் முதல் டோஸில் பாதியாகக் கிலோவுக்கு 100 மி.கி.

11. வேறு மருத்துவமனைக்கு அனுப்ப நேர்ந்தால்

முடிந்தால் குழந்தையை வயிற்றில் இருக்கும்போதே, தாயோடு அனுப்புவதே சிறந்தது; தாயின் வயிற்றுக்கு இணையான இன்குபேட்டர் எந்த 108 வண்டியிலும் இல்லை. பிறந்தபின் என்றால், கடலூரிலிருந்து புதுச்சேரி ஏறத்தாழ 25 கி.மீ.தான். விருத்தாசலம், காட்டுமன்னார்கோவில் பக்கமிருந்து வந்தால் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகலாம். தூரம் எதுவானாலும் சிபேப்பிலும் வெப்பத்திலும் நிலைப்படுத்திய பிறகே வண்டி கிளம்ப வேண்டும்.

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையாக இருந்தாலும் வேறு எந்த மருத்துவமனையாக இருந்தாலும் முன்கூட்டியே தொலைபேசியில் பேசி, படுக்கையும் மருந்தும் உண்டு என்று உறுதி செய்யுங்கள். இங்கேயே மருந்து கொடுத்துவிட்டு அனுப்புவதானால் அரை மணி நேரமாவது பார்த்து, ஆக்சிஜனைக் குறைத்த பிறகு ஏற்றுங்கள்; ஓடும் வண்டியில் அதைக் குறைக்க யாருக்கும் நினைவு வராது. வேகத்தடைகளில் இ.டி. ட்யூப் நகரும், ஆகவே உதட்டில் நிற்கும் செ.மீ. அளவை ஒட்டுப்பட்டையிலேயே எழுதிவிடுங்கள்.

12. எழுத வேண்டியவை

கர்ப்ப வாரமும் அதைக் கணக்கிட்ட விதமும், பிறந்த நேரம், மருந்து கொடுத்த நேரம், மருந்தின் பெயர், தொகுதி எண், மி.கி., மில்லி இரண்டும், கொடுத்த முறை ஆகியவற்றை எழுதுங்கள். கொடுப்பதற்கு முன்னும், பிறகு 15 நிமிடம், 1 மணி, 6 மணி நேரத்திலும் ஆக்சிஜன் விழுக்காட்டையும் செறிவையும் அருகருகே எழுதுங்கள். செறிவை மட்டும் எழுதிய தாளிலிருந்து குழந்தை தேறியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

அதே தாளின் மேல்மூலையில் விழித்திரைப் பரிசோதனைக்கான தேதியைச் சிவப்பு மையில் குறியுங்கள். 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குப் பிறந்து நான்கு வாரத்துக்குள்; 28 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 1,200 கிராமுக்குக் குறைந்த குழந்தைக்கு இரண்டு முதல் மூன்று வாரத்துக்குள். அதற்குள் குழந்தை வீட்டுக்குப் போய்விடலாம் என்பதால், அந்தத் தேதியைத் தாயின் கையிலுள்ள சீட்டிலும் தமிழில் எழுதி, அவரிடமே ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லுங்கள்.